கல்பாவின் குறை கஞ்சத்தனம் மட்டும்தானா?

நீரோ என்றால் எல்லோருக்கும் பிடில்தான் ஞாபகம் வரும். (ரோம் எரிந்த காலத்தில் பிடில் என்ற வாத்தியமே கிடையாது, அது வேறு கதை.) நீரோவுக்கு அடுத்து ரோமை ஆண்டது யார் என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது. கல்பா. கி.பி. 68 ஜூனில் பேரரசர். 69 ஜனவரி 15 அன்று ரோம் நகரத்து மன்றத்தில், பட்டப்பகலில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். ஏழே மாதம்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் வாக்கியம் ஒன்று உண்டு. மெய்க்காவல் படையினர் பணம் கேட்டபோது, "நான் வீரர்களைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் அல்ல" என்றாராம். எவ்வளவு நேர்மையான மனிதர், காலம்தான் கெட்டுக் கிடந்தது என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அந்தப் பணம் எப்படி வந்த பேச்சு? ஸ்பெயினில் ஆளுநராக இருந்த கல்பா நீரோவுக்கு எதிராகக் கிளம்பியபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு லெஜியன், அதாவது ரோமானியப் படைப்பிரிவு. அதை வைத்துக்கொண்டு ரோமைப் பிடித்திருக்க முடியாது. ரோமில் மெய்க்காவல் படைத் தலைவராக இருந்த நிம்ஃபிடியஸ் சபினஸ்தான் கல்பாவின் பெயரைச் சொல்லி, ஆளுக்கு 30,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக வாக்குக் கொடுத்து, வீரர்களை நீரோவிடமிருந்து பிரித்தார். காவலுக்கு ஆளில்லாமல் தப்பியோடிய நீரோ ஜூன் 9 அன்று தற்கொலை செய்துகொண்டதும் அதனால்தான். அந்த வாக்குறுதி போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "நான் விலைக்கு வாங்குவதில்லை" என்றால்? கடனைத் திருப்பிக் கேட்டவனுக்கு நீதி போதனை செய்வது போலத்தான்.

தொகை பெரியது, மறுக்கவில்லை. ஒரு மெய்க்காவல் வீரனுக்கு ஏறத்தாழ பத்து வருடச் சம்பளம். ஆனால் முழுசாக யார் கேட்டார்கள்? கிழவர் கொஞ்சம் கை நீட்டியிருந்தாலே அவர்கள் மனம் மாறியிருக்கும் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸே எழுதுகிறார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் கல்பா. கானுஸ் என்ற குழல் வித்வான் அருமையாக வாசித்ததற்குத் தன் சொந்தப் பையைத் திறந்து ஐந்தே ஐந்து தெனாரியஸ் காசு எடுத்துக் கொடுத்தாராம்!

கஞ்சத்தனத்தைக்கூட மன்னித்துவிடலாம். அந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. நீரோ வாரி இறைத்த 220 கோடி செஸ்டர்ஸில் பத்தில் ஒன்பது பங்கைத் திரும்பப் பிடுங்க ஒரு குழு போட்டார். சரி, கஜானா காலி, நியாயம்தான். ஆனால் அவர் தோளில் உட்கார்ந்திருந்த நெருக்கமான ஆலோசகர்கள் மூவரை யார் கேட்டது? வினியஸ், லாகோ, ஐசெலஸ். கிழவரைக் கைபிடித்து நடத்துகிறவர்கள் என்ற கேலியில், சிறுவர்களைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் அடிமைகளின் பெயரைத்தான் ரோமானியர்கள் இந்த மூவருக்கும் வைத்தார்கள். நீரோவின் கொடுமைகளுக்கெல்லாம் கையாளாக இருந்த டிகெல்லினஸைக் கொல்லச் சொல்லி ஊரே கத்தியது. வினியஸுக்கு வேண்டியவர் என்பதால் அவர்மேல் கை வைக்கவில்லை. போதாததற்கு, இத்தனை கொடூரம் கூடாது என்று மக்களைக் கண்டித்து ஓர் ஆணை வேறு! அதே கல்பா ரோமுக்குள் நுழையும்போதே, லெஜியன் அந்தஸ்தைத் தக்கவைக்கக் கேட்டுக் கூச்சலிட்ட கடற்படை வீரர்கள்மேல் படையை ஏவிப் பெருங்கூட்டத்தைக் கொன்றவர். செலவைக் குறைக்கிறேன் என்று ஊழியர்களின் தேநீரை நிறுத்திவிட்டுத் தன் அறைக்கு இன்னொரு ஏசி போட்டுக்கொண்ட மேலாளரை நானும் பார்த்திருக்கிறேன். கல்பாவைப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் வந்து நிற்கிறது.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. ஜனவரி 1 அன்று, இன்றைய ஜெர்மனியின் மைன்ஸில் இருந்த லெஜியன்கள் விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்தன. மறுநாள் அதே பகுதியில் கொலோனில், படைத்தளபதி விட்டெல்லியஸைப் பேரரசர் என்றார்கள். பெருந்தீனிக்காரன், இவனால் என்ன ஆபத்து என்று நினைத்து கல்பாவே அங்கே அனுப்பிவைத்த ஆள்! ஜனவரி 10 அன்று, இடியும் மழையுமாக இருந்த நாளில், கல்பா மெய்க்காவல் படை முகாமுக்குப் போய் பிஸோ என்ற இளைஞரை வாரிசாகத் தத்தெடுத்ததாக அறிவித்தார். பேச்சு சுருக்கம். பணத்தைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை இல்லை.

தத்து தனக்குத்தான் என்று காத்திருந்த, கல்பாவின் ஆதரவாளர் ஓத்தோ கழுத்துவரை கடனில் இருந்தவர். ஆனாலும், கல்பா தன் வீட்டுக்கு விருந்துக்கு வரும்போதெல்லாம் காவலுக்கு வந்த வீரர்களுக்கு ஆளுக்கு 100 செஸ்டர்ஸ் கொடுத்துவந்தார். ஐந்து நாளில் காரியம் முடிந்தது. முதலில் ஓத்தோவைப் பேரரசர் என்று கூவியவர்கள் வெறும் 23 பேர். மற்றவர்கள் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆண்டிருக்காவிட்டால் ஆளத் தகுந்தவர் என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள் என்று டாசிடஸ் எழுதியது பிரபலம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சாவைப் பற்றி அவர் தரும் இரண்டு கதைகள். நாட்டுக்கு நல்லது என்றால் வெட்டுங்கள் என்று கல்பா கழுத்தை நீட்டினார் என்பது ஒன்று. நான் என்ன தப்பு செய்தேன், சில நாள் பொறுங்கள், அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினார் என்பது மற்றொன்று. கழுத்தை நீட்டிய கதையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.