‘வாங்கு’ பொத்தானை அழுத்தினால் என்ன வாங்குகிறோம்?

மின்னூல் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமான பதிவுதான், ஆனால் பல மாதங்களாக மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம்.

காசு கொடுத்து நான் புத்தகங்கள் சேர்த்து வைத்திருந்த ஒரு செயலியை மூடிவிட்டார்கள். முப்பது நாள் அவகாசம் என்று மின்னஞ்சல் வந்தது. அந்தக் கோப்புகளை வேறு எதிலும் திறக்க முடியாதபடி பூட்டியிருந்ததால் அவகாசம் எதற்கும் உதவவில்லை. புத்தகங்களை இன்னொரு இடத்தில் மறுபடி வாங்கிவிடலாம், நான்கு வருடமாகப் பக்க ஓரங்களில் எழுதி வைத்த குறிப்புகளை எங்கே போய் வாங்குவது? அன்றைக்குத்தான் விதிமுறைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். ‘விற்பனை’ என்ற சொல்லே அதில் இல்லை. எனக்குக் கொடுத்தது உரிமம், அதுவும் யாருக்கும் மாற்றித் தர முடியாத, அவர்கள் நினைத்தபோது நிறுத்திக்கொள்ளக்கூடிய உரிமம்.

எனக்கு மட்டும் நடந்த விபத்து என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை அமேசான், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. விற்ற பதிப்பாளருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்போது அமேசானின் தலைவராக இருந்த ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் நம் கையில் இருக்கும் புத்தகத்தை எங்கோ இருந்துகொண்டு ஒருவர் எடுத்துவிட முடியும் என்பது அன்றோடு தெரிந்துபோனது. 2019-ல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியது, எல்லாருடைய புத்தகங்களும் மறைந்தன. முழுப் பணமும் திரும்பி வந்தது, குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். குறிப்புகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அவர்களாவது ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் இப்படி என்றால், கடந்த பதினைந்து இருபது வருடங்களில் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கே மாறிவிட்டது. ஒரு பிரதியை விற்றால் ஒரு தடவை பணம், அணுகலை வாடகைக்கு விட்டால் மாதாமாதம் பணம். தொழில்நுட்பப் புத்தகங்களுக்குப் பேர் போன ஓ’ரைலி 2017-ல் தன் தளத்தில் மின்னூல்களைத் தனித்தனியாக விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தாவுக்குப் போனது. பூட்டு எதுவும் போடாமல் விற்றுக்கொண்டிருந்த பதிப்பகம் அது, அதனால்தான் எனக்கு அந்த முடிவு அதிகம் வலித்தது.

சந்தாவே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் மாதத்துக்கு 20 கட்டுரைக்கு மேல் படிக்கப் பணம் கேட்டபோது, இணையத்தில் செய்திக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று பலர் கேட்டார்கள். இன்று செய்தி, விளையாட்டு, சமையல் எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள். விளம்பரத்தையும் பேஸ்புக் வழியாக வரும் கூட்டத்தையும் நம்பியிருந்த பஸ்ஃபீட் தன் செய்திப் பிரிவை 2023-ல் மூடியதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். செய்தியைத் தினமும் யாரோ போய்ச் சேகரிக்க வேண்டும், சம்பளமும் தினமும் ஆகிறது, ஆகவே மாதாமாதம் பணம் கேட்பது நியாயம். நாளைக்குச் சந்தாவை நிறுத்தினால் நாளைய செய்தி எனக்கு வராது, சரி. எழுதி முடித்து, திருத்தி, வெளியிட்டுவிட்ட புத்தகத்துக்கு இதே கணக்கு எப்படிப் பொருந்தும்? ஓடிக்கொண்டிருப்பதற்கு வாடகை கேளுங்கள், நின்றுவிட்டதை விற்றுவிடுங்கள். என் கட்சி இவ்வளவுதான்.

இந்தச் சண்டை புதிதுகூட இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நாவலுக்குள், இதை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்று அச்சிட்டது. மேசீஸ் கடைக்காரர்கள் 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-ல் தீர்ப்பு கடைக்காரர்கள் பக்கம் வந்தது. முதல் விற்பனையோடு அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளருக்கு இருந்த பிடி முடிந்தது என்பதுதான் சாரம். பழைய புத்தகக் கடை, நண்பருக்கு இரவல் கொடுப்பது, நூலகம் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. டிஜிட்டலில் இது செல்லாது. வாங்கிய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய வழி செய்த ரெடிஜி நிறுவனம் 2018-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. கோப்பை இன்னொருவருக்கு மாற்றினாலே புதுப் பிரதி உண்டாகிறது என்றது நீதிமன்றம்.

இதில் அதிகம் அடிபடுவது நூலகங்கள். 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், ஒரு மின்னூலை நூலகம் 26 தடவை இரவல் கொடுத்த பிறகு மறுபடி பணம் கட்ட வேண்டும் என்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு வாசகர் என்று வைத்தால் 26 பேருக்கு ஒரு வருடம், அவ்வளவுதான் அந்தப் புத்தகத்தின் ஆயுள். அச்சுப் புத்தகமும் தேய்ந்து கிழியத்தானே செய்கிறது என்று சமாதானம் சொன்னார்கள். அதைவிட அதிகத் தடவை இரவல் போயும் கட்டுக் குலையாமல் இருந்த புத்தகங்களை நூலகர்கள் வீடியோ எடுத்துக் காட்டினார்கள். அப்புறம் 2019-ல் மேக்மில்லன் பதிப்பகம், புதிய மின்னூல் வந்த முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் என்றது. எதிர்ப்பு பலமாக வந்து, 2020 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். எதிர்த்தால் நடக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆய்விதழ் உலகம் இதை நமக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. அச்சு இதழுக்குச் சந்தா நிறுத்தினால் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். இணைய இதழுக்கு நிறுத்தினால் அலமாரியே போய்விடலாம். அதனால்தான் நூலகர்கள் ஒப்பந்தங்களில் ‘நிரந்தர அணுகல்’ என்ற பிரிவுக்காகப் போராடினார்கள், ஸ்டான்ஃபோர்டில் லாக்ஸ் என்ற திட்டம் பிறந்தது, ஒரே இதழின் பிரதிகளைப் பல நூலகங்கள் தங்கள் கணினிகளில் காப்பாற்றி வைக்கும் ஏற்பாடு அது. 2019 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வெளியே வந்தது. பழைய இதழ்களில் பெரும்பகுதிக்கு அவர்களிடம் நிரந்தர அணுகல் இருந்தது, அந்தத் தெம்பில்தான் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார்கள் என்பது என் கணிப்பு. 2021 மார்ச்சில் தங்கள் ஆய்வுகளை எல்லாரும் திறந்து படிக்கும்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் திரும்பினார்கள். தனி வாசகருக்கு அப்படி ஒரு பிரிவு பெரும்பாலான ஒப்பந்தங்களில் இல்லை.

திருட்டுப் பிரதி பயம் எனக்கும் புரிகிறது, எழுத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு அது உண்மையான கவலை. ஆனால் இசைத்துறை 2009-லேயே ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் விற்ற பாடல்களின் பூட்டைக் கழற்றிவிட்டது. அறிவியல் புனைவு வெளியிடும் டார் 2012-ல் தன் மின்னூல்களின் பூட்டை எடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று பிரிட்டன் பிரிவின் மூலம் அறிவித்தது. பூட்டு, திருடுகிறவனை அரை மணி நேரம் நிறுத்தும். காசு கொடுத்தவரைத்தான் வாழ்நாள் முழுக்க நிறுத்துகிறது.

இப்போது இயந்திரங்களும் வாசகர்களாகிவிட்டன. 2024-ல், ஆய்விதழ்களும் ஆய்வு நூல்களும் வெளியிடும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா தன் உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுக்காக மைக்ரோசாப்டுக்கு உரிமம் கொடுத்தது, எழுதியவர்கள் பலருக்கு அது செய்தியாகத்தான் தெரிய வந்தது. எழுதியவருக்குச் சொல்லாமல் கைமாற்ற முடிகிறது, காசு கொடுத்துப் படித்தவர் மட்டும் தன் நண்பருக்குக் கொடுக்க முடியாது. இந்த ஏற்பாட்டை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வெறும் உரிமத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதக்கூடாது. சின்னச் சட்டம், ஆனால் சொல்லையாவது நேராக்குகிறது. அதே வருடம் பிப்ரவரி 26-ல் அமேசான், கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை எடுத்துவிட்டது. தொழில் எந்தப் பக்கம் போகிறது என்று இதிலிருந்தே தெரியும்.

பதிப்பகம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தாவும் வையுங்கள், அதன் பக்கத்திலேயே பூட்டில்லாத இபப் (எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுவான மின்னூல் வடிவம்) கோப்பையும் விலைக்கு வையுங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதுகிற நண்பர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பூட்டு வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். நான் இனி கோப்பாகக் கையில் தருகிற இடத்தில் மட்டும்தான் மின்னூல் வாங்குவதாக இருக்கிறேன், இல்லாவிட்டால் அச்சில். குறிப்புகளைத் தனி நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.