புதுப் பிஸ்டன் வாங்கப் போகுமுன் பழையதைக் கையில் எடுங்கள்

என் சித்தி மகனின் 125 சிசி டூ ஸ்ட்ரோக் டேர்ட் பைக் ஒரு மாதத்துக்குள் இரண்டு பிஸ்டன் தின்றுவிட்டது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஓட்டிவிட்டு லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தான். இங்கே வந்து இரண்டாவது ஞாயிறே, முழு திரொட்டிலில் போகும்போது என்ஜின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. பின் சில்லு அப்படியே பூட்டிக்கொண்டது. விழாமல் தப்பியது பெரிய காரியம்.

கராஜில் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு: "தம்பி, ஒயில் காணாது." புதுப் பிஸ்டன், புது ரிங் போட்டு, 1:32 ஆக இருந்த ஒயில்-பெற்றோல் கலவையை 1:20 ஆக்கச் சொன்னார்கள். லீட்டருக்கு 31 மில்லி இருந்த ஒயில் 50 மில்லி ஆனது. பழைய பிஸ்டன் குப்பைக்குப் போய்விட்டது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். என்ஜினுக்குள் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை எறிந்துவிட்டு, பிறகு எதை வைத்துக் காரணம் தேடுவது? பத்து நாளில் இரண்டாவதும் சீஸ்.

இந்த முறை பிஸ்டனை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் பல்கனி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எக்ஸோஸ்ட் பக்கத்தில் மட்டும் நெடுக்குக் கீறல்கள். நகத்தை ஓட்டினால் தடக்குகிறது. அலுமினியம் இழுபட்டுப் பூசியதில் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டி அசையவில்லை. இன்டேக் பக்கம் புதிது போலப் பளிச்சென்று இருந்தது. பிளக்கின் மூக்கு சுண்ணாம்பு வெள்ளை.

தூசி உள்ளே போயிருந்தால் இன்டேக் பக்கம் முதலில் தேய்ந்து மங்கியிருக்கும். அப்போது ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். என்ஜின் சூடாகுமுன் திரொட்டிலை முறுக்கியிருந்தால் சுற்றி நான்கு இடத்தில் கீறல் விழும், ஏனென்றால் பிஸ்டன் சிலிண்டரை விட வேகமாக விரிகிறது. தலையின் ஓரம் அரித்தது போலிருந்தால் டெட்டனேஷன், அதாவது கலவை சீராக எரியாமல் கட்டுப்பாடின்றி வெடிப்பது. எக்ஸோஸ்ட் பக்கம் மட்டும் என்றால் சூடு, அதோடு வெள்ளைப் பிளக்கும் சேர்ந்தால் பெற்றோல் குறைவு என்றே முதலில் சந்தேகிப்பேன்.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். காற்று மெலிது என்பதால் அங்கே சிறிய மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெற்றோல் போகும் துளை) போட்டிருந்தார்கள். கடல் மட்டத்தில் காற்று அடர்த்தி, அதே ஜெட் தரும் பெற்றோல் போதாது. அதற்கு மேல் ஒயிலைக் கூட்டியபோது, அதே துளை வழியே போகும் பெற்றோல் இன்னும் கொஞ்சம் குறைந்தது. நல்லதென்று நினைத்துச் செய்தது நிலைமையை மோசமாக்கியதுதான் மிச்சம்.

ஆனால் கிராங்க் சீலில் (கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பில்) காற்று ஒழுகினாலும் இதே அடையாளம்தான் வரும். அதனால் இன்டேக்கையும் எக்ஸோஸ்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம். ஆறு நிமிடம் முள் அசையவில்லை. சீல் நல்லது. இந்தச் சோதனைக்கு ஒரு கைப்பம்பும் ஒரு கேஜும் போதும். இதைச் செய்யாமல் பிஸ்டன் மாற்றுகிற கராஜுக்கு நான் பைக்கைக் கொடுக்க மாட்டேன்.

சிலிண்டரைப் போர் பண்ணத்தான் (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கத்தான்) முதலில் பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோனோம். லேத் வைத்திருக்கும் ஐயா உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது நிக்கசில் பூச்சு, போர் பண்ணினால் பூச்சே போய்விடும்" என்று மறுத்துவிட்டார். வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்கு நன்றி. ஒட்டியிருந்த அலுமினியத்தை அவரே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொட்டுத் தொட்டு எடுத்தார். பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூச்சு உரிந்திருந்தால் அந்த அமிலம் அடியிலுள்ள அலுமினியத்தையே தின்னும். கையுறை இல்லாமல், மூடிய அறையில், யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

இப்போது பெரிய மெயின் ஜெட், கலவை மறுபடி 1:32. நேற்றுக் கழற்றிப் பார்த்த பிளக் தேயிலைச் சாய நிறம்.

உங்களிடம் பழைய பிஸ்டன் கிடந்தால் எக்ஸோஸ்ட் பக்கம், இன்டேக் பக்கம், தலை மூன்றையும் படமெடுத்துக் கீழே போடுங்கள். மெயின் ஜெட் நம்பரையும், எந்த ஊரில் ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.