அந்த 88 நிமிடம் யாருடையது?

‘இந்திய ஆண்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள், காலம் மாறிவிட்டது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு எடுத்த 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் 88 நிமிடம் என்று இருப்பது சரிதான். ஆனால் அது அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டும். அப்படிக் கை வைத்தவர்கள் 27 சதவீதம். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள் எல்லாருக்கும் பிரித்துப் பார்த்தால் தலைக்கு 24 நிமிடம்தான் வரும். (ஒருமுறை பாத்திரம் துலக்கவே எனக்கு அதைவிட அதிகம் ஆகும்!)

பெண்களில் 81 சதவீதத்துக்கு மேல் செய்கிறார்கள், அப்படிச் செய்பவர்களின் சராசரி 289 நிமிடம். அப்புறம், காலம் மாறிய கதை: 2019 கணக்கெடுப்பில் வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி 97 நிமிடம், 2024இல் 88. கூடவில்லை, குறைந்திருக்கிறது.