முறையீட்டுக்கும் இடம் வேண்டும்

கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்து தமிழில் கவிதை எழுத விரும்பும் இளைஞர்கள், தாங்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி அவ்வப்போது எனக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான பக்தி இருக்கிறது. யாப்பு தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் முதல் இரண்டு வரிகளைப் படித்ததுமே கடைசி வரி என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. இருளில் இருந்தேன், ஒளியாய் வந்தீர். பாவியாய்க் கிடந்தேன், கிருபையால் மீட்டீர். வேதாகமச் சொற்கள் அத்தனையும் வரிசையாக நிற்க, எழுதியவர் பட்ட பாடு மட்டும் எங்கும் தென்படுவதில்லை. இதைத் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கடவுளிடம் முறையிடுவது விசுவாசக் குறைவு என்று பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிவைத்துவிட்டோம். அந்த அச்சத்தில், எழுதுகிறவர் தன் மனத்தில் உள்ளதை ஒதுக்கிவைத்துவிட்டு, சபையில் எழுந்து நின்று சொல்லக்கூடியதை மட்டும் எழுதுகிறார்.

வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடியவர்களுக்கு இந்த அச்சம் இருக்கவில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் நன்றிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படி வந்து சேர்வதில்லை. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் கிடைக்காதவன், நண்பர்களும் விலகிப்போன நிலையில் இருட்டிலேயே நிற்க, பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வசனத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று அதைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசுவின் வாயில் வந்ததும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான்: “ஏன் என்னைக் கைவிட்டீர்?” ஆண்டவரே கேட்ட கேள்வியை அடியார் கேட்கக் கூடாது என்று யார் சொன்னது?

வேதாகமத்தின் புலம்பல் நூலின் கட்டமைப்பையும் கவிதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். எருசலேம் இடிந்து கிடக்கும்போது பாடியது அது. ஆனால் அதன் முதல் நான்கு அதிகாரங்களும், நம் ஆத்திசூடியைப் போல, எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாக முதலில் வைத்து அமைந்தவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனங்கள். நகரமே எரிந்துபோன துக்கத்தில் ஒரு கவிஞன் எழுத்தெண்ணிப் பாடியிருக்கிறான். முறையிடுவதென்றால் கட்டுப்பாடில்லாமல் கொட்டித் தீர்ப்பது என்று எண்ணுகிறவர்கள் இந்த நூலை ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும்.

தமிழ் வழியிலும் நமக்கு இந்த உரிமை உண்டு. ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்ற அவருடைய பாடல் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கிறது. “அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை யாருறவே” என்று அந்தப் பாடல் உருகும் இடத்தில், திருமழபாடியில் சைவ நாயனார் சுந்தரர் பாடிய “அன்னே உன்னையல்லால் இனியாரை நினைக்கேனே” என்ற தேவார அடி நேராகக் கேட்கிறது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஓசை ஒன்றே. இதை யாரும் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. தான் வளர்ந்த மொழியில் ஓர் அடியவன் இறைவனை எப்படிக் கூப்பிடுவான் என்பதை அவர் தம் செவியிலேயே வைத்திருந்தார். அதனால்தான் அந்தப் பாடல் நம்மோடு இத்தனை காலம் இருக்கிறது. ஆனால் அதே சுந்தரர்தான் பார்வை இழந்த துயரோடு திருவாரூரில் போய் நின்று, “வாழ்ந்து போதீரே” என்று இறைவனையே ஏசினார். அந்த மரபின் உருக்கத்தை வாங்கிக்கொண்ட நாம், அதன் வழக்காடும் குரலை வாங்கிக்கொள்ளத் தயங்கிவிட்டோம். வீரமாமுனிவர் தேம்பாவணியை நாட்டுப் படலத்தில் தொடங்கி யூதேயாவைத் தமிழ்க் காப்பிய நிலமாகவே பாடினார்; தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியையே பெத்லகேமுக்குக் கொண்டுபோனார். வடிவங்களை எடுத்துக்கொள்வதில் நம் முன்னோர் ஒருபோதும் பின்வாங்கியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேதாகமத்தில் கண்ணால் காணக்கூடிய பொருள்கள் நிறைந்திருக்க, நம் கவிதைகள் கருத்துகளையே கட்டிக்கொண்டு அழுகின்றன. யோவான் சுவிசேஷத்தில் பேதுரு ஆண்டவரை மறுதலிக்கும் இரவில், பிரதான ஆசாரியரின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள். குளிருக்கு அவனும் அதன் அருகில் நிற்கிறான். உயிர்த்தெழுந்த பின் திபேரியாக் கடற்கரையில் இயேசு மீன் சுட்டுக் காத்திருப்பதும் கரிநெருப்பின் அருகில்தான். படகிலிருந்து குதித்து, ஈரத்தோடு ஓடிவந்த பேதுருவின் மூக்கில் அந்தப் புகை ஏறியபோது அவனுக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும்? யோவான் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நெருப்பையும் மீனையும் அப்பத்தையும் நம் முன் வைத்துவிட்டு, வலையில் 153 மீன்கள் இருந்தன என்று கணக்குச் சொல்லிப் போகிறார். மன்னிப்பு, கிருபை, மீட்பு என்ற சொற்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் அந்த நெருப்பை மட்டும் எழுதிப் பாருங்கள் என்றுதான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

மீனும் வலையும் கடலும் நம் தென்கரைச் சபைகளுக்கு அன்றாட வாழ்க்கை. 2004-இல் ஆழிப்பேரலை வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில். குளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் முந்தின நாள் பாலன் பிறப்பைப் பாடியவர்கள் மறுநாள் பிள்ளைகளைத் தேடி அலைந்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிய குமரி மீனவர்கள் பலர் கரைக்குத் திரும்பவே இல்லை. அந்த வீடுகளுக்கு அடுத்த சில வாரங்களில் கிறிஸ்துமஸ் வந்தது. அந்த நாட்களைப் பற்றி என் பார்வைக்கு வந்த பக்திக் கவிதைகளில் பெரும்பாலானவை, இறந்தவர்களை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு அடுத்த பத்தியிலேயே ‘தேவ சித்தம்’ என்று முடித்துக்கொண்டன. எழுதியவர்களுக்கு இரக்கம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடலைப் பார்த்து நின்ற ஒரு தாய்க்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே கிறிஸ்துமஸ் மலருக்கும் தவக்கால இதழுக்கும் கவிதை கேட்கும் சபைப் பத்திரிகை ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன். அந்தத் தாயின் கேள்வியோடு முடியும் கவிதை உங்கள் மேசைக்கு வந்தால், “முடிவில் நம்பிக்கை தரும் நான்கு வரிகள் சேர்த்து அனுப்புங்கள்” என்று அதைத் திருப்பி அனுப்பாதீர்கள். 88-ஆம் சங்கீதத்துக்கு எதிர்ப்பக்கத்தில், எழுதியவர் எழுதியபடியே அச்சிடுங்கள்.