கிலோமீட்டர் வாடகை கேட்பவர்கள் கேட்காதவை

துறைமுகம் விட்டுத் துறைமுகம், எல்லை தாண்டி லாரியில் சரக்கு அனுப்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது கிலோமீட்டருக்கு என்ன வாடகை என்று. கப்பலை விட்டு லாரிக்கு வருவதே நாள் மிச்சமாகும் என்றுதான். அந்த நாள் தொலைவது எல்லைச் சாவடியில். வண்டி அங்கே ஓரங்கட்டப்படுவதற்கான காரணமும் பெரும்பாலும் லோடோடு சேர்ந்தே ஏறியிருக்கும்.

கன்டெய்னர் கதவில் போடும் சீலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 17712 தரத்தில் 'எச்' (உயர் பாதுகாப்பு) முத்திரை உள்ள போல்ட் சீல்தான் போட வேண்டும். பூட்டியதும் இழுத்துப் பாருங்கள், திருகிப் பாருங்கள். சீல் எண்ணை, சீலையே பார்த்து ஆவணத்தில் எழுதுங்கள். போன லோடின் தாளில் தேதியை மட்டும் மாற்றி எழுதும் பழக்கத்தால் ஒரு இலக்கம் பிசகினாலும், சுங்கத்தார் கதவைத் திறக்கச் சொல்லலாம். திறந்தால் புது சீல் விழும். அதன் எண் ஆவணத்தில் ஏறாமல் கிளம்பினால் அடுத்த எல்லையில் மறுபடி அதே கதை.

1975-ஆம் ஆண்டின் டிஐஆர் உடன்படிக்கையில் (சீல் வைத்த சரக்கைச் சுங்க உத்தரவாதத்தோடு நாடுகள் வழியாகக் கொண்டுபோகும் ஏற்பாடு) சேர்ந்த நாடுகள் வழியாகப் போனால், கார்னே என்ற சுங்க ஆவணப் புத்தகம் கைகொடுக்கும். நாட்டுக்கு இரண்டு தாள்: நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. தாளைக் கிழித்துக்கொண்டவர் அடிக்கட்டையில் முத்திரை வைத்தாரா என்று பார்க்காமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. அது விடுபட்டால் சரக்கு அந்த நாட்டை விட்டு வெளியேறியதற்குச் சாட்சி இல்லை. பல மாதம் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும்.

எடையில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். மொத்த எடை வரம்புக்குள் இருக்கும், ஒரு ஆக்ஸில் (சக்கர அச்சு) மீதான பாரம் மட்டும் தாண்டியிருக்கும். இரும்புச் சுருள் மாதிரி ஒரே இடத்தில் அழுத்தும் சரக்கில் இது சகஜம். கனமான 20 அடி கன்டெய்னரை நீள டிரைலரின் வால்பக்கம் வைத்தால் பின் ஆக்ஸில்கள் திணறும், டிரைலரை இழுவை வண்டியோடு இணைக்கும் கிங்பின்னில் பாரம் குறையும். ஈரமான ஏற்றத்தில் இழுவைச் சக்கரம் வழுக்கும். கன்டெய்னரை டிரைலரோடு பிணைக்கும் ட்விஸ்ட் லாக் நான்கும் பூட்டியிருக்கிறதா என்பதை டிரைவர் சுற்றிவந்து கையால் தொட்டே பார்க்க வேண்டும்.

ரீஃபர் (குளிர்பதனக் கன்டெய்னர்) என்றால் முதலில் மைனஸ் குறி. −18 டிகிரி வைக்க வேண்டிய இடத்தில் 18 வைத்து மீனைக் கெடுத்தவர்கள் உண்டு! அதற்கு மின்சாரம் தரும் ஜென்செட் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். வரிசையில் ஒரு நாள் நின்றால் 50 முதல் 70 லிட்டர் போய்விடும்.

சிஎம்ஆர் (நாடு விட்டு நாடு சாலைவழிச் சரக்குக்கான உடன்படிக்கை) சரக்குச் சீட்டில் பெட்டி எண்ணிக்கையையும் நசுங்கலையும் ஏற்றும்போதே குறிக்காவிட்டால், எல்லாம் சரியான எண்ணிக்கையில், நல்லபடியாக லாரியில் ஏறியதாகவே கொள்ளப்படும். பெறுபவர் பக்கம், வெளியே தெரியாத சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் (ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் வராது). நஷ்டஈடும் கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர்தான் (ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு) உச்சம். செல்போன் மாதிரி எடை குறைந்த, விலை கூடிய சரக்குக்கு இது ஒரு மூலைக்கும் காணாது. தனியாக இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஆகவே வாடகை பேசும்போது இதையெல்லாம் கேளுங்கள்: எல்லையில் எத்தனை மணி நேரம்வரை காத்திருப்பு இலவசம், அதற்குமேல் நாளுக்கு என்ன, கன்டெய்னர் யாருடையது? கப்பல் கம்பெனியின் பெட்டி என்றால், காலியை எந்த யார்டில், எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும்? புறப்பட்ட துறைமுகத்திலேயே என்றால் வெறும் பெட்டி திரும்பி வரும் வாடகையும் உங்கள் தலையில்தான்.