அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

என் இன்டர்நெட் லாகினின் பாஸ்வேர்டை எனக்கே தர மாட்டோம் என்கிறது கம்பெனி. மூன்று நாளாக வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

எங்களுடையது பழைய வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். ஃபைபர் இழுக்க வந்தவர்கள் கேபிளை மிச்சம் பிடிக்க, வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே பெட்டியை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். மாடியில் மகளின் அறைக்கு சிக்னல் எட்டாது. ஆன்லைன் வகுப்பில் டீச்சர் பாதிப் பேச்சில் உறைந்து நிற்பார். இவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மெஷ் வைஃபை வாங்கினேன், அதாவது வீட்டில் அங்கங்கே வைத்து ஒரே வைஃபையாகப் பரப்பும் பெட்டிகளின் செட்.

மாட்டியதும் மாடியில் சிக்னல் முழுசாக நின்றது. ஆனால் கீழே பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தாலும் ஸ்பீடு 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. நான் மாதாமாதம் காசு கட்டுவது 200 எம்பிபிஎஸ்ஸுக்கு. அரை நாள் தேடியபிறகுதான் தெரிந்தது: ஃபைபர் பெட்டியின் பின்னால் இருக்கும் லேன் போர்ட்டுகளில், அதாவது கேபிள் செருகும் துளைகளில், ஒன்றுதான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றதெல்லாம் 100. மெஷ்ஷை நான் செருகியிருந்தது 100-ல். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. மாட்டிய அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

சரி, அதுகூடப் போகட்டும். அப்புறம் பிரிண்டர் காணாமல் போனது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டர், மெஷ்ஷும் ரவுட்டர். இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்து, ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிட்டது. பழைய வைஃபையில் இருக்கும் பிரிண்டர், மெஷ்ஷில் இருக்கும் லேப்டாப்பின் கண்ணிலேயே படவில்லை. இதைத்தான் டபுள் நாட் என்கிறார்கள். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டு வெறுமனே இணைப்பைக் கடத்தவிட்டு, பிபிபிஓஇ (கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் லாகின்) யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் மெஷ்ஷில் கொடுத்தால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை.

அந்தப் பாஸ்வேர்டுக்காகக் கம்பெனிக்கு நாலு தடவை போன் செய்தேன். முதல் மூன்று பேரும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள். நாலாவது ஆள், "அதெல்லாம் கஸ்டமருக்குத் தர மாட்டோம் சார், பாலிசி" என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன பாலிசி? என் வீடு, என் கரன்ட், நான் கட்டும் பில். என் கனெக்‌ஷனின் பாஸ்வேர்டை எனக்கே மறைப்பது எந்த ஊர் நியாயம்? ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட்டிலிருந்து, எந்த ரவுட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் உரிமை. லாகின் விவரத்தைக் கேட்காமலேயே கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இங்கே கெஞ்சினாலும் கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டேன். அதாவது முகவரி கொடுப்பது ஃபைபர் பெட்டி மட்டும், மெஷ் வெறும் வைஃபையைப் பரப்பும். பிரிண்டர் வந்துவிட்டது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மகளின் டேப்லெட்டுக்கு மட்டும் நெட்டை நிறுத்தும் வசதி இருந்ததே, அதற்காகவே கூடுதல் விலை கொடுத்த செட் இது, அந்த வசதி இந்த மோடில் கிடையாது. பழைய பெட்டியின் வைஃபையை அணைக்கலாம் என்றால், எங்களுக்குக் கொடுத்திருக்கும் லாகினில் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றத்தான் முடியும், அணைக்க முடியாது. எந்த வைஃபையில் ஒட்டுவது என்பதை போன்தான் முடிவு செய்யும். அம்மாவின் போன் அந்தப் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு போனாக எடுத்துப் பழைய பெயரை அழித்தேன்.

நான் விடப்போவதில்லை. இன்று காலை புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிப்படி, புகார் தீராவிட்டால் அந்தக் கம்பெனியின் அப்பீல் அதிகாரியிடம் போகலாம். போகிறேன். உங்களில் யாராவது பிபிபிஓஇ பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியிருந்தால், என்ன எழுதிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். அதே வார்த்தையில் எழுதிப் போடுகிறேன்.