மருந்துக்குப் பழகுவது யார்?

“ஆன்டிபயாட்டிக் அதிகம் சாப்பிட்டவரின் உடல்தான் மருந்துக்குப் பழகிப்போகும், மற்றவர்கள் மருத்துவமனைக் கிருமிக்கு அஞ்ச வேண்டாம்” என்று பினாங்குத் தமிழர்களின் வாட்சாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. மருந்தை எதிர்த்து நிற்கும் திறனைப் பெறுவது பாக்டீரியாதான்.

பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்தே இருக்கலாம். அதை ஒரு பாக்டீரியா பக்கத்திலுள்ள வேறு இனத்துக்கும் கொடுத்துவிடும். 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்த்து நின்றது இப்படித்தான்.

எனக்குப் பெருங்கவலை தருவது அச்செய்தியின் இரண்டாம் பாதி. வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக்கே விழுங்காத பாட்டிக்கும் சிறுநீர் வெளியேற மருத்துவமனையில் பொருத்தும் குழாய் வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ மருந்தை எதிர்க்கும் கிருமி வந்து சேரலாம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.